சோடியத்தை நீக்குவதும் பம்பை நிறுத்துவதும் ஒன்றா? ஆஸ்ட்ரோசைட் செல்களில் க்ளூட்டமேட் உட்கவர்வு பற்றி ஒரு கேள்வி

டர்பன் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, எலிக்குட்டிகளின் பெருமூளைப் புறணியிலிருந்து வளர்த்தெடுத்த ஆஸ்ட்ரோசைட் செல்கள் (நியூரான்களுக்குத் துணைநிற்கும் மூளைச் செல்கள்) க்ளூட்டமேட்டை (நியூரான்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்) உள்ளிழுக்கும் வேகத்தைக் கதிரியக்கக் குறியீட்டால் அளந்து வருகிறேன். கரைசலில் சோடியம் குளோரைடுக்குப் பதிலாகக் கோலின் குளோரைடை இட்டால், முதல் நிமிடத்திலேயே உட்கவர்வு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. ஆனால் சோடியத்தை அப்படியே விட்டுவிட்டு, சோடியம்-பொட்டாசியம் பம்பை முடக்கும் வாபைனைச் சேர்த்தால், முதல் சில நிமிடங்களுக்கு எண்கள் அசைவதே இல்லை. இரண்டு சோதனைகளும் சோடியத்தைத்தானே தாக்குகின்றன, பிறகு ஏன் இந்த வேறுபாடு? சோடியமே இல்லாதபோதும் மிஞ்சி நிற்கும் அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது?

லெனேசியா வாசகர்:
அம்மா, இரண்டும் சோடியத்தைத் தாக்குகின்றன என்பது சரிதான். ஆனால் தாக்கும் இடங்கள் வேறு. க்ளூட்டமேட்டை உள்ளிழுப்பது செல் சவ்விலுள்ள ஒரு கடத்திப் புரதம். அது ஒரு க்ளூட்டமேட்டை உள்ளே கொண்டுவரும்போது மூன்று சோடியம் அயனிகளையும் ஒரு புரோட்டானையும் கூடவே அழைத்து வருகிறது. பின்பு ஒரு பொட்டாசியத்தை வெளியே விட்டுத்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வெளியே சோடியம் இல்லையென்றால் க்ளூட்டமேட் கடத்தியில் உறுதியாகப் பற்றிக்கொள்வதே இல்லை. ஆகவே விளைவு உடனடியாகத் தெரிகிறது.

வாபைன் இந்தக் கடத்தியைத் தொடுவதில்லை. வெளியே லிட்டருக்குச் சுமார் 145 மில்லிமோலும் உள்ளே சுமார் 15 மில்லிமோலுமாகச் சோடியத்தை ஏற்றத்தாழ்வோடு வைத்திருப்பது பம்பின் வேலை. செலவிடும் ஒவ்வொரு ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) மூலக்கூறுக்கும் அது மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. மின்வெட்டு நேரத்தில் மோட்டார் நின்றாலும் கூரைத் தொட்டி வற்றும் வரை நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமே, அப்படித்தான் இதுவும். அந்த ஏற்றத்தாழ்வு முற்றிலும் கரைந்தால் கடத்தி எதிர்த்திசையிலும் ஓடும். சாலமாண்டரின் விழித்திரையிலுள்ள முல்லர் செல்களில் (ஆஸ்ட்ரோசைட்டைப் போன்ற துணைச் செல்கள்), வெளிப்புறப் பொட்டாசியத்தை உயர்த்தியபோது க்ளூட்டமேட் வெளியேறுவதை 1990இல் சட்கோவ்ஸ்கி, பார்பர், அட்வெல் ஆகியோர் காட்டினார்கள்.

வாபைனை எந்த அளவில் சேர்த்தீர்கள் என்று எழுதவில்லையே. எலியின் பம்பில் ஆல்ஃபா-1 வகைக்கு இந்த நஞ்சு எளிதில் ஏறாது. ஆல்ஃபா-2 விரைவில் விழுந்துவிடும். ஆஸ்ட்ரோசைட்டில் இரண்டும் உண்டு. (வாபைன் என்ற பெயரே, நம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கில் வேட்டை அம்புகளில் தடவிய நஞ்சைக் குறிக்கும் சோமாலிச் சொல்லிலிருந்து வந்தது.)

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆய்வகர்:
ஐயா சொன்னதோடு, மிஞ்சும் பங்கைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். முதலில் கரைசலையே சந்தேகியுங்கள், தங்கச்சி. குளோரைடை மாற்றியவர்கள் சோடியம் பைகார்பனேட்டை மறந்துவிடுவது வழக்கம். அதில் மட்டுமே 26 மில்லிமோல் ஒளிந்திருக்கலாம், அது உட்கவர்வைக் கொஞ்சமாவது ஓட்டப் போதும். அமிலத்தன்மையைச் சரிசெய்யச் சொட்டுச் சொட்டாக விடும் சோடியம் ஹைட்ராக்சைடு அவ்வளவு பெரிய குற்றவாளி அல்ல.

அதற்குப் பின்னும் எண் மிஞ்சினால், சோடியம் தேவைப்படாத சிஸ்டின்-க்ளூட்டமேட் பரிமாற்றி (செல் சவ்வில் இவ்விரண்டையும் மாற்றிக்கொள்ளும் புரதம்) காரணமாக இருக்கலாம். வளர்ப்புச் செல்களில் அது நன்றாகவே வெளிப்படுகிறது. க்ளூட்டமேட்டுக்குப் பதிலாகக் அதை ஒத்த டி-ஆஸ்பார்டேட் என்ற மூலக்கூறைக் குறியிட்டுக் கொடுத்துப் பாருங்கள். சோடியம் சார்ந்த கடத்திகள் அதை ஏற்கும், அந்தப் பரிமாற்றி ஏற்காது. மிச்சம் மறைந்துவிட்டால் விடை கிடைத்துவிடும்.

இன்னொன்று: நியூரான்கள் இல்லாமல் தனியே வளர்த்த ஆஸ்ட்ரோசைட்டில் பெரும்பாலும் கிளாஸ்ட் வகைக் கடத்திதான் இருக்கும். ஜிஎல்டி-1 என்ற மற்றொரு க்ளூட்டமேட் கடத்தி மிகக் குறைவு. முழு மூளையில் உட்கவர்வின் பெரும்பங்கைச் செய்வது ஜிஎல்டி-1 என்பதால், உங்கள் தட்டில் கண்டதை அப்படியே மூளைக்குப் பொருத்தி எழுத வேண்டாம்.

டர்பன் மாணவி:
மிக்க நன்றி, ஐயா, அக்கா. வாபைன் 100 மைக்ரோமோல்தான் சேர்த்தேன். பைகார்பனேட்டையும் மாற்றவே இல்லை என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்த பிறகே உணர்ந்தேன். ஹெப்பிஸ், டிரிஸ் (அமிலத்தன்மையை நிலைநிறுத்தும் சேர்மங்கள்) கொண்டு சோடியமில்லாத புதிய கரைசல் தயாரித்து, வாபைனை 1 மில்லிமோலுக்கு உயர்த்திப் பார்க்கிறேன்.

லெனேசியா வாசகர்:
அந்த அளவில் இருபது நிமிடம் கழித்தும் ஓர் அளவீடு எடுங்கள். ஆனால் எண்களை நம்புமுன் தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பம்பு நின்ற செல்கள் நீரேறி உப்பும், சில தட்டிலிருந்து கழன்று கழுவும்போதே போய்விடும். அதையும் உட்கவர்வு குறைந்ததாகக் கணக்கிட்டுவிடக் கூடாது.