இரைப்பை பைபாஸுக்குப் பிறகு சாப்பாடு பழையபடி ஆகுமா?

கேள்வி: இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்து ஒரு வருடம் ஆகிறது. இன்னமும் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க முடியவில்லை. எப்போது சரியாகும்?

பதில்: ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அதே அறுவை சிகிச்சை செய்துகொண்டவள்தான். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். தட்டில் முதலில் புரதம். நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். முட்டையைக்கூடப் பொடிப்பொடியாக வெட்டி, கூழாகும்வரை மெல்லுவேன். அதற்குள் மற்றவர்கள் கை கழுவிவிடுவார்கள்! ஒரு வாய் கூடினாலும் நெஞ்சு அடைக்கும், மூக்கு ஒழுகும். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

மற்றொருவர்: இனிப்பு?

பதில்: எனக்கு ஒரு துண்டு கேக்கே அதிகம். சர்க்கரை சட்டென்று சிறுகுடலில் இறங்கி, படபடப்பு, வியர்வை, அப்புறம் வயிற்றுப்போக்கு.

இன்னொருவர்: பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள். 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.