மலையில் பிறந்த பெண்ணுக்குச் சிப்பி ஆராய்ச்சி எதற்கு?

பாம்பார்புரம்:
என் மகள் கடல் உயிரியலில் முதுகலை முடித்துவிட்டாள். சிப்பி வளர்க்கும் குடும்பங்களோடு இருந்து செய்கிற ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். வீட்டில் பாதிப் பேர் எதிர்ப்பு. "கொடைக்கானலில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை? மன்னவனூர் ஆட்டுப் பண்ணையிலோ தோட்டக்கலை நிலையத்திலோ முயற்சி செய்யட்டும்" என்கிறார்கள். அவள் போக வேண்டும் என்பதே என் ஆசை. நம் பாம்பாற்றுத் தண்ணீர் கும்பக்கரையில் இறங்கி வைகை வழியாக ராமநாதபுரம் கடலுக்குத்தானே போகிறது? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்ப காலத்தில் இருந்ததும் அந்தக் கரையில், மண்டபத்தில்தான். உங்கள் கருத்து என்ன?

பூம்பாறை விவசாயி:
அண்ணே, பிள்ளை படித்தது நல்லது. ஆனால் வைகைத் தண்ணீர் கடலைத் தொடுவதே அபூர்வம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். அந்தக் கணக்கை விடுங்கள்.

என் கேள்வி வேறு. 1973ல் அந்த நிறுவனத்தார் தூத்துக்குடி பக்கம் வேப்பலோடையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். 1981ல் முத்துச்சிப்பிக் குஞ்சையே தொட்டியில் பொரிக்க வைத்தார்கள். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் முத்து வளர்த்தே அடுப்பு எரிகிற மீனவர் வீடு அந்தக் கரையில் எத்தனை? செய்து காட்டுவது ஒன்று, பிழைக்க வைப்பது வேறு. என் காட்டிலும் செயல்விளக்கத் திடல் என்று ஒருமுறை வந்தார்கள். பலகை நட்டார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த போகத்துக்கு யாரும் வரவில்லை.

குளச்சல் டீச்சர்:
நான் குளச்சல் பக்கம் பிறந்தவள், இப்போது கொடைக்கானலில் ஆசிரியை. பூம்பாறை அண்ணன் சொன்ன முத்துக் கதை சரி. அதே நிறுவனத்தின் இன்னொரு வேலையையும் பாருங்கள். காசர்கோடு பக்கம் படன்னா, செறுவத்தூர் காயல்களில் 1996-97ல் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் கல்லுமக்காய் வளர்க்கத் தொடங்கின. எங்கள் ஊரில் அதற்குச் சிப்பி என்றே பெயர். சின்னக் குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, மேலே பருத்தி வலைத்துணியால் சுருட்டித் தைப்பார்கள். சில நாளில் துணி மக்கிப் போகும். அதற்குள் சிப்பி தன் நாரால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். காயலில் நட்ட கம்புகளில் கயிற்றைத் தொங்கவிட்டால் போதும், தீவனமே வேண்டாம், தண்ணீரில் இருப்பதை வடிகட்டித் தின்றே வளரும். ஐந்தாறு மாதத்தில் அறுவடை. வேலை ஆராய்ச்சிக்கூடத்தோடு நிற்கவில்லை, பெண்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பூம்பாறை விவசாயி:
சரி டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுவடை எப்போது? மழைக்கு முன்னால்தானே? எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்தால் விலை என்ன ஆகும்? எங்கள் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். அப்புறமும் வடுகபட்டி சந்தையில் வரத்து கூடுகிற அன்றைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. விலைக்கு வழி சொல்லாத ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சி.

குளச்சல் டீச்சர்:
நீங்கள் சொல்வது நடக்கிறதுதான். தென்மேற்குப் பருவமழை இறங்கினால் காயலில் உப்பு குறைந்து சிப்பி செத்துவிடும், அதனால் மே மாதத்துக்குள் எல்லாரும் எடுத்தாக வேண்டும். ஆனால் பூண்டுக்கும் சிப்பிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அழுகின பூண்டை மூக்கே சொல்லிவிடும். சிப்பியில் விஷம் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கடலில் சில நுண்பாசிகள் பெருகினால் அந்த நஞ்சு சிப்பியில் சேரும், வேகவைத்தாலும் போகாது. 1981ல் கல்பாக்கம் பக்கம் வாயலூரில் மட்டி என்ற இன்னொரு வகைச் சிப்பியைச் சாப்பிட்டவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். ஊர் ஊராகத் தண்ணீரையும் சதையையும் எடுத்துச் சோதித்து "இந்த வாரம் எடுக்காதீர்கள்" என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலையை வளர்ப்பவர் தனியாகச் செய்ய முடியாது. ஒருமுறை செய்துவிட்டுப் போகிற வேலையும் இல்லை.

கொல்லம் அஷ்டமுடிக் காயலில் மட்டி குறைந்தபோது, முட்டையிடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவதை நிறுத்தினார்கள். கணக்கெடுத்துக் காலம் சொன்னது ஆராய்ச்சியாளர்கள், கட்டுப்பட்டது அள்ளுகிற மக்கள். 2014ல் நீடித்த மீன்பிடிப்புக்கான உலகச் சான்றிதழ் அந்த மட்டிக்குக் கிடைத்தது, இந்தியாவில் அதுவே முதல். அண்ணன் கேட்ட விலைக்கு அது ஒரு வழி.

பாம்பார்புரம்:
வைகை பற்றி நான் சொன்னது தவறுதான், பூம்பாறைத் தம்பிக்கு நன்றி. டீச்சர் சொன்னதைப் படித்ததும் நம் ஊர் பாதரசம் நினைவுக்கு வந்தது. 2001ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவைப் பார்த்த பிறகுதானே தெர்மாமீட்டர் ஆலையை மூடினார்கள்? அதுவரை சோலையிலும் மண்ணிலும் என்ன சேர்ந்தது என்று நமக்கு யார் சொன்னார்கள்? கடற்கரையில் அந்த வேலையைச் சிப்பியே செய்யும் என்று மகள் சொன்னாள். ஓரிடத்தில் இருந்து தண்ணீரை வடிகட்டுவதால் கன உலோகம் அதன் சதையில் சேர்கிறது, சதையைச் சோதித்தால் தண்ணீரின் நிலை தெரியும். 1975லேயே எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற அறிவியலாளர் இதை உலகம் முழுக்கச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். பாதரசத்தோடு வாழ்ந்த ஊர்ப் பெண்ணுக்கு இந்த வேலை அந்நியம் இல்லை.

பூம்பாறை விவசாயி:
பாதரசத்தைச் சொன்னதும் எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை அண்ணே. என் சித்தப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தவர்.

பிள்ளை போகட்டும். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். ஒரு அறுவடை பார்த்துவிட்டு அறிக்கை எழுதித் திரும்ப வேண்டாம். மூன்று பருவமாவது அதே காயலில், அதே பெண்களோடு இருக்கட்டும். விலை விழுகிற வருஷத்தையும் பார்க்கட்டும்.

பாம்பார்புரம்:
அவளிடம் வாசித்துக் காட்டினேன். குளச்சல் டீச்சரிடம் பேச வேண்டும் என்கிறாள். இந்த ஞாயிறு ஏரி பக்கம் வர முடியுமா, டீச்சர்?