வட்டு இல்லாத வட்டுக்கு என்ன பெயர்?

பள்ளத்தூரிலிருந்து, செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். கணினியில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் 'எஸ்.எஸ்.டி.'க்கு (சாலிட் ஸ்டேட் டிரைவ்) வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் மாலை வகுப்பு நடத்துகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே ஆறு கணினிகள் இருக்கின்றன, எல்லாம் 2012 வாக்கில் வாங்கியவை. பொத்தானை அழுத்திவிட்டு வருகைப் பதிவு எடுத்து முடித்தாலும் திரை வந்திருக்காது. போன மாதம் ஒன்றில் மட்டும் சுற்றுகிற பழைய வட்டை (ஹார்ட் டிஸ்க்) எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுப் பார்த்தோம். இருபது வினாடியில் எழுந்து நிற்கிறது. மீதி ஐந்தையும் பிள்ளைகளே மாற்றப் போகிறார்கள். அதற்கு ஒரு செய்முறைத் தாள் எழுதி, காரைக்குடியில் அச்சடித்துச் சுவரில் ஒட்ட வேண்டும்.

திருகு, வடம், தாய்ப்பலகை, மின்வழங்கி என்று எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. இது ஒன்றுதான் இடிக்கிறது. ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து 'திண்மநிலை இயக்ககம்' என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டினேன். இரும்புக் கட்டி போலக் கனக்கும் பழைய வட்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "அப்ப இது திரவமா டீச்சர்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது நியாயம்.

காரைக்குடியிலிருந்து, புதன் காலை

டீச்சர், என் கடைக்கு வருகிற எல்லோரும் 'எஸ்.எஸ்.டி.' என்றுதான் சொல்கிறார்கள். கொத்தனார் வேலை பார்க்கிறவர் கூட "தம்பி, எஸ்.எஸ்.டி. போட்டா நல்லா ஓடுமாமே" என்றுதான் கேட்கிறார். அதையே எழுதிவிடுங்கள்.

சொல்லை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறேன், தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதியது இரண்டரை அங்குலம், பழைய இடம் மூன்றரை அங்குலம், அதனால் நடுவில் ஒரு தாங்கி வாங்க வேண்டும். இயங்குதளம் நிறுவுவதற்கு முன்பே பயாஸில் (கணினி எழுந்ததும் முதலில் ஓடும் அமைப்பு நிரல்) வட்டோடு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கிறதா பாருங்கள். மாற்றிய பிறகு டீஃப்ராக் (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நிரல்) ஓட்டாதீர்கள். அதனால் பயன் எதுவும் கிடையாது, தேய்மானம்தான் மிச்சம். உங்கள் பழைய பலகைகளில் வட்டைச் சேர்க்கும் சாட்டா இணைப்பு வினாடிக்கு 3 கிகாபிட்டாக இருந்தாலும் கவலை இல்லை. பழைய வட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றி, ஊசி போன்ற முனை இடம் தேடிப் போய்ப் படிப்பதற்குள் பத்து மில்லிவினாடிக்கு மேல் ஆகிவிடும். புதியதில் தேடிப் போக ஒன்றுமே இல்லை. வேகம் அங்கேதான்.

தேவகோட்டையிலிருந்து, புதன் மாலை

அன்புடையீர்,

தம்பி எழுதியதில் கடைசி இரண்டு வரியில் சொல் இருக்கிறது. தேடிப் போக ஒன்றும் இல்லை, சுற்ற ஒன்றும் இல்லை. ஆகவே இதில் 'வட்டு' என்ற சொல் வரவே கூடாது. 'இயக்ககம்' அதைவிடப் பிழை, இயங்காத ஒன்றை இயக்ககம் என்பது எப்படி? 'அசைவிலி' என்று சொல்லுங்கள். கணக்கில் 'முடிவிலி' என்று படிக்கிறார்கள், பிறகு இதற்கு என்ன தடை?

'திண்மநிலை' பற்றியும் ஒரு வார்த்தை. 'திண்' என்ற அடிச்சொல்லின் முதற்பொருள் உறுதி. திண்ணம், திண்டு, திண்ணியர், எல்லாம் அங்கிருந்து வந்தவை. குறளில் வரும் 'திண்மை' மன உறுதி, பருப்பொருள் அல்ல. நம் வீட்டுத் 'திண்ணை'யும் இந்த வேரில் பிறந்தது என்பது என் துணிபு. வேலையாளும் வழிப்போக்கரும் உட்காரவும் படுக்கவும் அசையாமல் தாங்கி நின்ற மேடை அது. அந்தப் பழைய வேரைப் பௌதிகத்தின் மூன்று நிலைகளில் ஒன்றாகச் சுருக்கியது நேற்றைய பாடநூல்தான்.

இன்னொன்று. பழைய வட்டை அம்மா தாளில் 'வன்தட்டு' என்று எழுதுகிறார்கள். னகர மெய்யின் முன் தகரம் வந்தால் றகரமாகும் என்பது நன்னூல் விதி. 'வன்றட்டு' என்றுதான் வர வேண்டும். சுந்தரரை வன்தொண்டர் என்றா சொல்கிறோம்? வன்றொண்டர். அந்தப் பெயரோடு எங்கள் தேவகோட்டையிலேயே ஒரு தமிழறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். இந்த ஊர்க்காரனாக நான் அதை விட்டுக்கொடுக்க முடியாது.

கோட்டையூரிலிருந்து, புதன் இரவு

ஐயாவுக்கு வணக்கம். விதி சரி. ஆனால் 'தேன்துளி' என்று எழுதுகிறோம், யாரும் 'தேன்றுளி' என்று திருத்துவதில்லை. பிள்ளை 'வன்றட்டு' என்று பார்த்தால் 'றட்டு' என்றால் என்ன என்று கேட்கும். புணர்ச்சி, சொல்லை ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டிய பிறகு இரண்டு சொல்லும் அடையாளம் தெரியாமல் போனால், புதிதாகக் கற்கிறவர்களுக்கு அது தடைதான்.

நான் மொழிபெயர்ப்பில் இருக்கிறவள், அதனால் வேறு ஒன்று சொல்கிறேன். நாம் ஆங்கிலப் பெயரின் வரலாற்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம், பொருளை அல்ல. 1947-ல் டிரான்சிஸ்டர் வரும்வரை வானொலி முதல் கணினி வரை எல்லாம் வெற்றிடக் குழாயில் ஓடின, மின்னணுக்கள் வெற்றிடத்தில் பாய்ந்தன. பிறகு அவை திடப்பொருளுக்குள்ளேயே பாய்ந்ததால் 'திடநிலை' என்று அங்கே பெயர் வந்தது. எட்டாம் வகுப்புப் பெண் வெற்றிடக் குழாயைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவளுக்கு அந்தப் பெயர் எதைச் சொல்லும்?

ஐயாவின் 'அசைவிலி'யில் எனக்கு ஒரே ஒரு குறை. அது என்ன இல்லை என்று சொல்கிறது, என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. மேசையும் அசைவிலிதானே.

கானாடுகாத்தானிலிருந்து, வியாழன் காலை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதன் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சில்லுக்கு (சிப்) எப்படிப் பெயர் வந்தது தெரியுமா? தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா என்பவர் உருவாக்கி 1984-ல் அறிவித்தார். அதில் இருப்பதை ஒரே அடியாக அழிக்கும் விதம் கேமராவின் பளிச்சென்ற வெளிச்சத்தை நினைவூட்டுகிறது என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார், அதுவே பெயராகிவிட்டது. கைக்குப் பக்கத்தில் இருந்த பொருளை எடுத்தார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது என்ன? பெட்டகம். எங்கள் பக்கத்து வளவு (முற்றம் வைத்த பெரிய) வீட்டில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. சில்லுகளால் ஆனது, அதனால் 'சில்லுப் பெட்டகம்'.

எங்கள் அப்பச்சி கொண்டுவிற்ற (வணிகம் செய்த) காலத்துக் கணக்கு ஏடுகளும் எனக்கு நினைவு வருகின்றன. அந்த ஏட்டில் எழுதியதை அடித்து அதன்மேல் எழுதக் கூடாது என்பார்கள். தவறு வந்தால் புதிய வரியில் எதிர்ப்பதிவு போடுவார்கள். இந்தச் சில்லும் அப்படித்தான் வேலை செய்கிறது. எழுதிய பக்கத்தின் மேல் எழுத முடியாது. மாற்றத்தைப் புதிய பக்கத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாது என்று குறித்துக்கொள்கிறது. அப்புறம் ஒரு நேரம் பார்த்து, பல பக்கங்கள் கொண்ட தொகுதி முழுவதையும் சேர்த்து அழிக்கிறது. ஆகவே 'பேரேடு' என்றும் சொல்லலாம். ஆனால் அது கணக்குக்கே இருக்கட்டும்.

தேவகோட்டையிலிருந்து, வியாழன் நண்பகல்

அந்த ஏட்டு உவமை மிக அருமை. இருந்தாலும் 'சில்லு' எனக்கு உறுத்துகிறது. என் மருமகள் யாழ்ப்பாணத்துப் பெண். அவர்களுக்குச் 'சில்லு' என்றால் சக்கரம், சைக்கிள் சில்லு என்பார்கள். சுற்றாத பொருளுக்குச் சுற்றும் பெயரா? நம் பக்கத்தில் ஓட்டாஞ்சில்லு, பிள்ளைகள் நொண்டி ஆடும்போது எறிவது.

பள்ளத்தூரிலிருந்து, வியாழன் மாலை

ஐயா, அந்த ஓட்டாஞ்சில்லே எனக்குப் போதும். உடைந்த சிறு துண்டு என்பது பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. இன்று வகுப்பில் இரண்டு சொல்லையும் பலகையில் எழுதிப் பழைய வட்டைத் திறந்து காட்டினேன். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தட்டைப் பார்த்ததும் ஒருத்தி கும்பாவைக் கவிழ்த்தது மாதிரி இருக்கிறது என்றாள். புதியதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தமே வரல" என்றாள். அவர்களில் பாதிப் பேர் 'சில்லுப் பெட்டகம்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். 'அசைவிலி' இரண்டு பேருக்குப் பிடித்திருக்கிறது. ஒருவன் அதைத் தன் பூனைக்குப் பெயராக வைக்கப் போகிறானாம்.

கோட்டையூரிலிருந்து, வியாழன் இரவு

நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பெட்டகம் என்றால் பாதுகாப்பு. நகையையும் பத்திரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தலைமுறை கழித்துத் திறந்தாலும் இருக்கும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இந்தப் பொருளுக்கு அந்தக் குணம் கிடையாது. தனித்தடைத்த ஓர் இடத்தில் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துத்தான் இது நினைவு வைத்துக்கொள்கிறது. மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டால் அது கசிந்து போகலாம். பொருளின் பலவீனத்தைப் பெயர் மறைக்கக் கூடாது. 'சில்லு நினைவகம்' என்றால் போதும்.

காரைக்குடியிலிருந்து, வெள்ளி காலை

அக்கா சொல்வது சரி. பழைய வட்டு சாகும் முன் கிறீச்சென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இது பல நேரம் ஒன்றும் சொல்லாமலே போய்விடும். கல்யாணப் போட்டோ எல்லாம் ஒரே ஒன்றில் வைத்திருந்து இழந்தவர்கள் என் கடைக்கு வந்து அழுதிருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் தாளில் அதை எழுதுங்கள், டீச்சர்.

பள்ளத்தூரிலிருந்து, வெள்ளி மாலை

அச்சகத்திலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார்கள். 'சில்லுப் பெட்டகம்' என்றே கொடுத்துவிட்டேன். எழுதியவர்களில் என்னையும் சேர்த்து இரண்டு பேர் அதன் பக்கம், ஒருவர் 'நினைவகம்', ஐயா 'அசைவிலி', கடைத் தம்பிக்குப் பெயர் எதுவானாலும் சரி. அடியில், கடையில் எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்கவும் என ஒரு வரி. அதற்கும் கீழே கட்டம் கட்டி, முக்கியமான எதையும் இது ஒன்றில் மட்டும் வைக்காதீர்கள், வேறோர் இடத்திலும் படி எடுத்து வையுங்கள் என்று பெரிய எழுத்தில். கோட்டையூர் அக்காவின் மறுப்பை என்னால் முழுதும் தீர்க்க முடியவில்லை. அந்தக் கட்டம் அவருக்காகத்தான்.

தாளின் படத்தை இணைத்திருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து, வெள்ளி இரவு

படம் கிடைத்தது. மிக நன்றாக வந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. மூன்றாம் வரியில் 'வன்தட்டு' என்றே அச்சாகியிருக்கிறது. அடுத்த அச்சில் 'வன்றட்டு' என்று திருத்திவிடுங்கள், அம்மா.