பிள்ளைகளை மரத்தோட்டத்துக்கு எந்த மாதம் கூட்டிப்போவது?

வெல்லாவெளி ரீச்சர்:
வணக்கம். என்னிடம் ஆண்டு 4 பிள்ளைகள் 26 பேர். ஊரில் ஒரு ஐயா மூன்று ஏக்கரில் பாலை, வீரை, முதிரை, மருது என்று நம் காட்டு மரங்களை வளர்க்கிறார், வெட்டி விற்பதற்கு அல்ல. பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்கிறார். போன ஆகஸ்டில் ஓர் அமைப்பு தந்த கன்றுகளைப் பள்ளி வளவில் நட்டோம். ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு பிள்ளை காய்ந்த கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தினனே ரீச்சர்" என்று அழுதாள். இந்தமுறை காலம் பார்த்துச் செய்யவேண்டும். எப்போது போவது, என்ன செய்ய விடுவது?

உன்னிச்சை மரக்காரன்:
ரீச்சர், பிழை அவளுடையது இல்லை என்று முதலில் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற காலத்தில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் வரை நிற்காது. நம் மட்டக்களப்புப் பக்கத்தில் நடுகிற காலம் மாரி தொடங்கி மண் நன்றாக நனைந்த பிறகுதான், ஐப்பசிக் கடைசி அல்லது கார்த்திகை.

ஆனால் முதல் பயணம் ஆனி, ஆடியில் இருக்கட்டும். அப்போது பாலை பழுத்திருக்கும். பிள்ளைகள் தின்னட்டும், உதடு பாலில் ஒட்டிக்கொள்ளும். கொட்டையைக் கழுவினால் மினுங்கும். அன்றைக்கே மண் நிரப்பிய நாற்றுப் பையில் ஊன்றவேண்டும். வேப்பங்கொட்டையும் அப்படித்தான், சில கிழமை வைத்திருந்தாலே முளைக்காது. வேம்பு அந்த மாரிக்கே நடத் தயாராகிவிடும். பாலை மெதுவாகத்தான் வளரும், அடுத்த மாரி வரை பையிலேயே வைத்திருங்கள். அப்போது பிள்ளைகள் ஆண்டு 5. புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற வருசம் என்று தோட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

நாவல் கிடைத்தால் கட்டாயம் ஊன்றுங்கள். ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளை வரும். அதைக் காணும்போது பிள்ளைகள் போடுகிற சத்தம் எனக்கு மிக விருப்பம்.

ஒரு வருசம், என் தோட்டத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்களே என்று சருகையெல்லாம் கூட்டி எரித்துவிட்டேன். அந்த மாரி முழுக்க ஆறுமணிக்குருவியின் குரல் வேலிக்கு அப்பாலிருந்துதான் கேட்டது. அது காலையும் பின்னேரமும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுகிற, நிலத்தில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் குருவி. அதற்குப் பிறகு நான் சருகில் கைவைப்பதில்லை.

மருதமுனை வாப்பா:
ரீச்சர், பயணத்துக்கு முன் ஊர்ப் பெயர்களில் மரம் தேடவிடுங்கள்: புளியந்தீவு, நாவற்குடா, ஆலையடிவேம்பு, எங்கள் ஊரும்தான். பிறகு மருதங்காயைக் கையில் கொடுங்கள். ஐந்து சிறகு இருக்கும். என் மகள் எண்ணிப் பார்த்துவிட்டு நட்சத்திரப் பழம் மாதிரி என்றாள்.

வெல்லாவெளி ரீச்சர்:
மிக்க நன்றி. ஆறுமணிக்குருவியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் இங்கே யானை நடமாட்டம். காலை ஆறு மணிக்கோ பின்னேரம் ஆறு மணிக்கோ பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாதே?

உன்னிச்சை மரக்காரன்:
அந்த நேரத்தில் கூட்டிப்போகவே வேண்டாம். அது இந்தியாவிலிருந்து ஐப்பசி வாக்கில் வந்து சித்திரையில் திரும்பும், நாள் நிறைய இருக்கிறது. வானம் மேகம் மூடி மப்பாக இருந்தால் பகலிலும் கூப்பிடும். அப்படி ஒரு நாள் பார்த்து ஒன்பது மணிக்குப் போங்கள், ஒரு பத்து நிமிடம் எல்லாரும் பேசாமல் இருக்கட்டும்.

அப்புறம், பைகளின் அடியில் துளை போட மறக்கவேண்டாம். மாரியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.