புதுப்பிப்பு: டவுனில் சும்மா கிடக்கும் காணி

திருகோணமலை டவுன் நடுவிலுள்ள வெறுங்காணியைப் பூங்காவாக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆதரவு தந்த எல்லோருக்கும் நன்றி. வரைபடம் கொடுத்தாகிவிட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

நடுப்பகுதியில் நிரந்தரமாக எதுவும் கட்டப்போவதில்லை. காலையில் உடற்பயிற்சி, வார இறுதியில் சந்தை, திருவிழாவில் அன்னதானப் பந்தல். வாங்குகளும் நகர்த்தக்கூடியவையே.

முழுக்கக் கொங்கிரீட் போடச் சொன்னவர்களுக்கு: நமக்குப் பெரும்பாலான மழை ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால்தான் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரங்கள் தாங்கும். ஆகவே புல்தரை, தாழ்ந்த ஓரத்தில் மழைநீர்ப் பள்ளம், சுற்றிவர வேம்பும் மருதும்.

பிறகு, டவுனுக்குள் திரியும் மான்கள். மரக்கன்றுகளைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாவிட்டால், மான்கள் மேய்ந்து ஒன்றும் மிஞ்சாது. அவற்றைத் துரத்தச் சொல்லாதீர்கள், அவையும் இந்த ஊர்தான். பழைய கம்பிவலை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.