தஞ்சாவூரில் குடியிருக்கும் மத்திய அரசு ஓய்வூதியர்: மாதம் 1,000 வாங்குவதா, சிஜிஎச்எஸ் (மத்திய அரசின் மருத்துவத் திட்டம்) கார்டு எடுப்பதா?

டெல்டாவாசி கேட்டது:

தோழர்களுக்கு வணக்கம். இரண்டு மாதத்தில் ஓய்வு. பே லெவல் 7, அடிப்படைச் சம்பளம் 58,600. இதுவரை சிஎஸ்(எம்ஏ), அதாவது பணியில் இருப்பவர்களுக்கான மத்திய அரசு மருத்துவ விதிகளின்படி மருத்துவச் செலவைத் திரும்பப் பெற்று வந்தேன். பென்சன் படிவத்தில் மருத்துவ வசதிக்கு விருப்பம் கேட்கிறார்கள். எஃப்எம்ஏ (மாதாமாதம் தரும் நிலையான மருத்துவப் படி) 1,000 ரூபாய் வாங்கினால் சிஜிஎச்எஸ் கிடையாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார், இரண்டும் வாங்கலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

குடியிருப்பது தஞ்சாவூர். பக்கத்தில் சிஜிஎச்எஸ் உள்ள ஊர் திருச்சிதான். மனைவிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மாதம் சுமார் 1,400 ஆகிறது. தனியார் பாலிசி ஒன்று 5 லட்சத்துக்கு இருக்கிறது, அடுத்த பிரீமியம் 41,000 என்று அறிவிப்பு வந்திருக்கிறது. கார்டு எடுத்தால் அதை நிறுத்திவிடலாமா?

பிபிஓ_உதவி:

இருவர் சொன்னதும் பாதி சரி. சிஜிஎச்எஸ் இல்லாத ஊரில் குடியிருக்கும் ஓய்வூதியருக்கு வழி மூன்று. எஃப்எம்ஏ மட்டும் வாங்குவது ஒன்று. திருச்சியில் பதிந்து வெளிநோயாளி, உள்நோயாளி இரண்டுக்கும் கார்டு எடுப்பது இன்னொன்று. மூன்றாவது, வெளிநோயாளிச் செலவுக்கு எஃப்எம்ஏ வாங்கிக்கொண்டு, சந்தா கட்டி உள்நோயாளி வசதிக்கு மட்டும் கார்டு எடுப்பது. உங்கள் அலுவலகத்தில் பலருக்குத் தெரியாமல் இருப்பது இந்த மூன்றாவதுதான்.

முதல் வழியை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். சிஎஸ்(எம்ஏ) விதிகள் பணியில் இருக்கும் வரைதான். ஓய்வு பெற்ற மறுநாளே அந்தப் பாதுகாப்பு போய்விடும். மாதம் 1,000 வாங்கிக்கொண்டு கார்டு இல்லாமல் இருப்பவருக்கு மாரடைப்பு வந்தால் அரசிடம் கேட்க ஒன்றுமில்லை.

கணக்கைப் பாருங்கள். லெவல் 7 முதல் 11 வரை மாதச் சந்தா 650, வருடத்துக்கு 7,800. எஃப்எம்ஏ வருடத்துக்கு 12,000. மூன்றாவது வழியில் சந்தா போக 4,200 கையில் நிற்கிறது, ஆஸ்பத்திரி வசதியும் இருக்கிறது. (லெவல் 1–5க்கு 250, லெவல் 6க்கு 450, லெவல் 12 முதல் 1,000. லெவல் 12-இல் ஓய்வு பெற்றவருக்கு எஃப்எம்ஏவும் சந்தாவும் சரிக்குச் சரி.)

அறைத் தகுதி: 2022 அக்டோபர் உத்தரவின்படி அடிப்படைச் சம்பளம் 36,500 வரை பொது வார்டு, 50,500 வரை பகுதி தனியறை, அதற்கு மேல் தனியறை. உங்களுக்குத் தனியறை.

மலைக்கோட்டை:

மாத்திரைச் செலவு 1,400 என்று சொன்னதால் ஒரு மாற்றுக் கருத்து. முழுக் கார்டு (இரண்டாவது வழி) எடுத்தால் வருடத்துக்கு 16,800 ரூபாய் மாத்திரை மிச்சம். எஃப்எம்ஏ தருவது 12,000. நாள்பட்ட நோய்க்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் தருகிறார்கள், அதனால் திருச்சிக்கு வருடத்தில் நான்கு பயணம் போதும். இன்சுலின், புற்றுநோய் மருந்து போல மாதம் மூவாயிரம், நாலாயிரம் ஆகும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம், முழுக் கார்டுதான். எஃப்எம்ஏ 2017 ஜூலையில் 500-லிருந்து 1,000 ஆனது. அகவிலைப்படி அதற்குக் கிடையாது. மாத்திரை விலைதான் ஏறிக்கொண்டே போகும்.

பிபிஓ_உதவி:

மூவாயிரம் ஆகும் வீட்டுக்கு நீங்கள் சொல்வதே சரி, தோழர். ஆனால் இவருக்கு வித்தியாசம் வருடத்துக்கு 4,800. நான்கு தடவை இரண்டு பேர் போய்வரும் செலவு, சிஜிஎச்எஸ் மையத்தில் இருப்பு இல்லாத மாத்திரையை வெளிக்கடை மூலம் தருவித்துக் கொடுக்கும்போது அதை வாங்க மறுபடி ஒரு நடை, எல்லாம் அதில்தான் கழியும். சர்க்கரை, அழுத்த மாத்திரைகளில் பெரும்பாலானவை மக்கள் மருந்தகத்தில் மூலப்பெயரில் (ஜெனரிக்) மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொண்டால் 1,400 கணிசமாக இறங்கும். அதனால் இவருக்கு மூன்றாவது வழிதான் என் கருத்து.

விருப்பத்தைப் பிறகு மாற்ற வாழ்நாளில் ஒரு தடவைதான் அனுமதி, அதை வீணாக்காதீர்கள். நோய் கூடி மருந்துச் செலவு ஏறும்போது முழுக் கார்டுக்கு மாற அது தேவைப்படும். பிள்ளையோடு, சிஜிஎச்எஸ் உள்ள சென்னைக்குக் குடிபெயர்ந்தால் எஃப்எம்ஏவை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு உடனே எழுதிக் கொடுங்கள். தெரிவிக்காமல் வாங்கிய தொகையைப் பின்னால் மொத்தமாகப் பிடிப்பார்கள்.

டெல்டாவாசி:

மிக்க நன்றி. சந்தாவை வருடா வருடம் கட்டுவதா, மொத்தமாகவா?

கணக்குப்பிள்ளை:

மொத்தமாகக் கட்டிவிடுங்கள். 120 மாதச் சந்தா, அதாவது 650 × 120 = 78,000. கட்டினால் ஆயுள் முழுக்கச் செல்லும். உங்களுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவி மறுபடி கட்ட வேண்டாம். வட்டி இழப்பைக் கணக்கில் சேர்த்தாலும் 60 வயதில் தொடங்கும் தம்பதிக்கு இது லாபம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 7-வது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 பிப்ரவரியிலிருந்து சந்தா உயர்ந்தது. தர ஊதியம் 4,600-இல் (இப்போதைய லெவல் 7) இருந்தவருக்கு 325 இருந்தது 650 ஆனது, சரியாக இரட்டிப்பு. அதற்கு முன் ஆயுள் சந்தா கட்டி முடித்தவர்களிடம் வித்தியாசம் கேட்கவில்லை. 8-வது குழு வேலையில் இருக்கும் இந்த நேரத்தில் வருடா வருடம் என்று தள்ளிப்போடுவது சரியாகப் படவில்லை. ஓய்வுப் பலன் கைக்கு வந்ததும் முதல் செலவாக இதைச் செய்யுங்கள். பிபிஓ (ஓய்வூதிய உத்தரவு) வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம், தற்காலிக பிபிஓ அல்லது கடைசிச் சம்பளச் சான்று போதும்.

பாலிசியை முதல் வருடமே நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு போடுவார்கள். மனைவிக்குச் சர்க்கரை இருப்பதால் இது முக்கியம். 41,000 என்ற அறிவிப்பில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு அந்த 18 சதவீதம் கிடையாது. அதன் பிறகும் சுமையாக இருந்தால், முதல் சில லட்சத்தை நாமே ஏற்கும் வகை பாலிசிக்கு அதே நிறுவனத்திலேயே மாற முடியுமா என்று கேளுங்கள், பிரீமியம் நன்றாகக் குறையும்.

பில்_சரிபார்ப்பு:

பாலிசியும் கார்டும் இரண்டும் இருந்தால் வரிசை முக்கியம். அசல் பில்கள் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். அவர்கள் கொடுத்த தொகையைக் குறிப்பிட்ட கடிதத்தையும், அவர்கள் சான்றளித்த பில் நகல்களையும் வைத்து மீதியை சிஜிஎச்எஸ்ஸில் கேட்கலாம். சிஜிஎச்எஸ் தருவது அதன் கட்டண விகிதத்துக்கு உட்பட்டுத்தான், இரண்டும் சேர்ந்து செலவைத் தாண்டக்கூடாது. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும் என்பதால் காப்பீட்டு நிறுவனத்தை முதல் மாதத்திலிருந்தே விரட்டுங்கள்.

சிஜிஎச்எஸ் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் ஓய்வூதியருக்குப் பணமில்லாச் சிகிச்சை. பேக்கேஜ் கட்டணத்துக்குள் (ஒரு சிகிச்சைக்கு சிஜிஎச்எஸ் வைத்திருக்கும் மொத்தக் கட்டணம்) அறை, ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து, டாக்டர் கட்டணம், மருந்துகள், வழக்கமான பரிசோதனை எல்லாம் அடக்கம். சிறப்பு அறுவைச் சிகிச்சைக்கு 12 நாள், மற்ற பெரிய அறுவைக்கு 7 நாள், லேப்ராஸ்கோப்பிக்கு 3 நாள் என்று கணக்கு. அதற்குள் "மருந்துக்குத் தனியாக" என்று கேட்டால் எழுத்தில் கேளுங்கள். வித்தியாசத்தை நானே ஏற்கிறேன் என்ற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாட இடமில்லை.

பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால் பணம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கலாம். இங்குதான் மனுக்கள் அதிகம் தடுக்கப்படுகின்றன. அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்று ஆஸ்பத்திரி தனியாகச் சான்று தர வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருந்தால் போதாது. ஸ்டென்ட், மூட்டு போன்றவை வைத்தால் அதன் உறை, ஸ்டிக்கர், விலைப்பட்டியல் மூன்றையும் அறுவை நடந்த அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு கிடைக்காது. மருந்து, பரிசோதனை பில்கள் நாள்வாரியாகப் பிரித்து இருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தால் விட்டுவிடாதீர்கள். சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில், சிகிச்சை உண்மையாக நடந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும், பட்டியலில் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து மறுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

டெல்டாவாசி:

மூன்றாவது வழியையே எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் பிரிவில் அடுத்த வருடம் ஓய்வு பெறும் நான்கு பேருக்கும் இந்தக் கணக்கைப் பிரதி எடுத்துத் தருகிறேன்.