பிள்ளைகளுக்கு ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ போடலாமா?

பாம்பன்காரர்:
சனிக்கிழமை ராத்திரி தெருவுல திரை கட்டி 5 முதல் 12 வயசுப் பிள்ளைகளுக்குப் போடலாம்னு இருக்கோம். பாட்டுப் படம்தானே, யோசிக்க வேண்டியதில்லையே?

மண்டபம் டீச்சர்:
பாட்டு இருக்குங்கிறதுக்காக எல்லாப் படமும் சிறுசுகளுக்கு ஆகாதுங்க. 1965-ல வந்த இந்தப் படத்துல முத்தக் காட்சி உண்டு, ஆபாசம் இல்ல. சிக்கல் கடைசிப் பகுதிதான். நாயகன் நாயகி கல்யாணத்துக்கு அப்புறம் ஹிட்லரோட நாஜிகள் துரத்த, கல்லறைகளுக்குப் பின்னால அவங்க குடும்பமே மூச்சடக்கி ஒளிஞ்சிருக்கும். டார்ச் வெளிச்சம் தேடிக்கிட்டே வரும், ஒரு பையன் துப்பாக்கிய நீட்டுவான். யாரும் சாகமாட்டாங்க, அதை முன்னாடியே சொல்லிட்டா 7 வயசுக்கு மேல தாங்கிக்கும்.

கீழக்கரை பாய்:
படம் கிட்டத்தட்ட 3 மணி நேரம். பொடிசுகளுக்கு இடைவேளையோட நிறுத்திடுங்க. துணித்திரை கடல்காத்துல உப்பிக்கிட்டு ஆடும், வெள்ளையடிச்ச சுவர் நல்லது.

பாம்பன்காரர்:
நன்றி. மத்த படங்களுக்கு எதைப் பார்க்கணும்?

மண்டபம் டீச்சர்:
தணிக்கைச் சான்றிதழ். 2024 முதல் யு/ஏ-வை 7+, 13+, 16+னு பிரிச்சிருக்காங்க. அதோட நிக்காம, கடைசி அரை மணி நேரத்தை நீங்களே பார்த்துடுங்க. டிரெய்லர்ல அது வராது.